ஒழுங்கை முகப்பில் புத்தகப் பெட்டி வைக்கும் முறை

ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சியின் மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வீதியோரம் ஒரு கம்பம். கம்பத்தின் தலையில் புறாக்கூடு மாதிரி ஒரு பெட்டி. கண்ணாடிக் கதவு. உள்ளே பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள். கூடவே ஒரு குரல்பதிவு: "பெரியம்மா, இதிலை ஆரும் வந்து எடுக்கலாம், ஆரும் கொண்டுவந்து வைக்கலாம். பூட்டுக் கிடையாது. நீங்களும் ஒண்டு வையுங்கோவன்." பூட்டுக் கிடையாது என்ற இடத்தை மட்டும் மூன்று தரம் திருப்பிக் கேட்டேன். கிணற்று வாளியையே இரவில் வீட்டுக்குள் எடுத்துவைக்கும் ஒழுங்கை எங்களுடையது.

விசாரித்துப் பார்த்ததில், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் 2009 இல் டொட் போல் என்பவர் தொடங்கிய வேலை இது என்று தெரிந்தது. அவருடைய தாய் ஆசிரியை. தாயின் நினைவாக, கழற்றிப்போட்ட கராஜ் கதவுப் பலகையில் சின்னப் பள்ளிக்கூடம் போல ஒரு பெட்டி செய்து, புத்தகம் அடுக்கி, வீட்டு வாசலில் நட்டிருக்கிறார். இன்றைக்கு உலகத்தில் அப்படி ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். நானும் ஓய்வுபெற்ற ரீச்சர்தான். நான் போனபின் என் பிள்ளைகள் பெட்டி செய்வார்கள், ஆனால் அது வேறு பெட்டி. ஆகவே உயிரோடு இருக்கும்போதே நானே வைத்துவிட்டேன். இரண்டு மாரி கண்ட அனுபவத்தில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் காரியத்தில் இறங்க நினைக்கும் துணிச்சல்காரருக்குச் சில ஆலோசனைகள்.

இடம் பார்த்தல்

ரொறன்ரோவில் கம்பம் நடும் நிலம் யாருடையது என்பது நகரசபைப் படத்தில் இருக்கும். இங்கே அது வேலிக் கதியாலுக்குத்தான் தெரியும். கதியாலோ நடக்கும் சாதி. ஒவ்வொரு மாரிக்கும் மாற்றி நடும்போது நாலு விரற்கடை முன்னே வைத்து, முப்பது வருடத்தில் அரைப் பரப்பு விழுங்கிய பூவரசங் கதியால்களை எனக்குத் தெரியும். ஆகவே எல்லைக்குப் பக்கத்தில் எதையும் நடவேண்டாம். நீங்கள் புத்தகப் பெட்டி என்று நினைத்து வைப்பதை, பக்கத்து வீட்டார் எல்லைக்கல் என்று நினைத்து அளவையாளரைக் கூப்பிடுவார்கள். 1707 இல் ஒல்லாந்தர் எழுதி வைத்த தேசவழமைப்படி, காணி விற்பதென்றால் பங்காளியிடம் முதலில் கேட்க வேண்டும். புத்தகத்துக்கும் அந்த முதலுரிமை உண்டென்று எங்கள் பங்காளி ஒருவர் கருதுகிறார். புதிதாக ஏதும் வந்தால் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் பெட்டியில் போடவேண்டுமாம்.

அடுத்தது திசை. வாடை வடகிழக்கிலிருந்து வரும், ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழையைக் கொண்டுவரும். ஆகவே கதவு வடகிழக்கைப் பார்க்கக்கூடாது. சோளகம் தென்மேற்கிலிருந்து வந்து செம்பாட்டுப் புழுதியை அள்ளிக் கொட்டும். அந்தப் பக்கமும் ஆகாது. தெற்குப் பார்த்த வாசல் யமனுக்கு என்பதால் ஒழுங்கையில் ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். மிச்சத்தில் தென்கிழக்கு. அதுவே சரி என்று நான் முடிவெடுத்து மேசனையும் வரச்சொன்ன பிறகு, பக்கத்துவீட்டு அப்பு படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"பிள்ளை, அது அக்கினி மூலையல்லோ?"

"ஓம் அப்பு."

"எங்கட ஊரிலை புத்தகத்தை அக்கினி மூலைக்குக் காட்டலாமே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கதவை வடமேற்குக்குத் திருப்பிவிட்டோம். வாயு மூலை. காற்று வந்தால் தாளைப் புரட்டும், அவ்வளவுதான்.

பெட்டி

பலகைப் பெட்டிக்கு ஆசைப்பட்டு ஆசாரியாரிடம் விலை கேட்டேன். முதிரையில் செய்தால் என் பென்சனில் இரண்டு மாதம் போகும். வேறு மரத்தில் செய்தால் ஒரு மாரியில் கறையான் வாசித்து முடித்துவிடும். வலிகாமத்துச் செம்மண்ணில் கறையானைப்போல ஊக்கமான வாசகர் கிடையாது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியதெல்லாம், செல்லரித்த ஏடுகளில் மிச்சமிருந்ததைத் தேடித் தேடி ஒப்புநோக்கித்தான். ரெஜிபோம் மீன்பெட்டி மலிவு, தண்ணீர் புகாது. ஆனால் என்ன கழுவினாலும் திருக்கை வாசம் போகாது. தேவாரத் திரட்டை அதில் வைக்கமுடியாது.

கடைசியில் வீட்டுக்குள்ளேயே விடை கிடைத்தது. எங்களிடம் ஒரு செத்த பிரிட்ஜ் இருந்தது. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றபோது அதுவும் நின்றது. பிறகு சில ஆண்டுகள் எங்கள் வீட்டின் புத்தக அலுமாரி அதுதான். எலி போகாது, எறும்பு போகாது, கதவைச் சுற்றி இறப்பர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலத்தில், அந்தப் பிரிட்ஜுக்குள்ளிருந்து பொன்னியின் செல்வனை எடுத்து ஜாம் போத்தல் விளக்கில் வாசித்திருக்கிறோம். மின்சாரம் வந்தபோது அது மட்டும் திரும்ப உயிர்க்கவில்லை. அதை வெளியே கொண்டுவந்து, கேற்றுக்குப் பக்கத்தில் நாலு சீமெந்துக் கல்லின் மேல் ஏற்றி, மேலே ஒரு தகரத் தாழ்வாரம் இறக்கினேன்.

பிரிட்ஜ் வைப்போர் கவனிக்க வேண்டியவை இரண்டு, இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. பழைய பிரிட்ஜின் கொண்டியையும் பூட்டையும் முதலில் கழற்றி எறியுங்கள். ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளை உள்ளே அகப்பட்டால் திறக்கமுடியாது. தட்டுகளையும் திருகாணி போட்டு இறுக்கிவிடுங்கள், ஆள் நுழைய இடம் இருக்கக்கூடாது. அடுத்து, பின்பக்கத்தில் நாலைந்து துளை போட்டு, வலை அடித்து, சிரட்டைக் கரியைத் துணியில் கட்டிக் கீழே வையுங்கள். இல்லாவிட்டால் மாரியில் புத்தகம் பூஞ்சணம் பிடித்துப் புட்டுப்போல உதிரும்.

எறும்புக்காகச் சீமெந்துக் கல்லைச் சுற்றிச் சிரட்டையில் தண்ணீர் வைக்கும் எண்ணம் வரும். வரட்டும், செய்யவேண்டாம். டெங்கு பார்க்க வரும் பி.எச்.ஐ. உங்கள் இலக்கிய சேவையைப் பார்க்கமாட்டார், சிரட்டைக்குள் புழுவைத்தான் பார்ப்பார். கழிவு ஒயில் பூசினால் போதும்.

திறப்பு விழா

தவிர்க்கமுடியுமானால் தவிருங்கள். முடியாது. பெட்டி வைக்கப்போகிறீர்கள் என்று தெரிந்த அன்றே நிர்வாக சபை உருவாகிவிடும். தலைவர், உப தலைவர், செயலாளர், உப செயலாளர், பொருளாளர், கணக்குப் பரிசோதகர், போசகர் மூவர். எங்கள் பெட்டியில் அன்றைக்கு இருந்த புத்தகங்களிலும் சபையில் ஆட்கள் கூட. மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், நன்றியுரை என்று பிரிட்ஜுக்கு முன் மூன்று மணி நேரம் நடந்தது. பொன்னாடையும் போர்த்தினார்கள். எனக்கில்லை, பிரிட்ஜுக்கு. அதன் மேலே காகம் இருக்காமல் பார்த்துக்கொள்ள அது இப்போது உதவுகிறது.

வாழ்த்துரை சொன்னவர்களில் ஒருவர், "நாலு புத்தகத்தோட என்ன பெரிய வாசிகசாலை" என்று ஒலிவாங்கியை மூடாமலே பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். உங்களிடமும் கேட்பார்கள். பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள்: 1933 இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பவர் தன்னிடம் இருந்த புத்தகங்களைத் தன் வீட்டிலிருந்தே இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஆட்கள் கூடினார்கள். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து 844 புத்தகங்களுடன் நூலகமாக்கினார்கள். 1935 இல் நகரசபை பொறுப்பேற்றது. பிறகு வண பிதா லோங் அடிகள் முன்னுக்கு நின்றார், இந்திய நூலகவியல் அறிஞர் இரங்கநாதன் ஆலோசனை சொன்னார், சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் படம் வரைந்தார், 1959 இல் அந்த நூலகம் வெள்ளை மாளிகையாய் எழும்பி நின்றது. ஒரு மனிதன் தன் வீட்டு அலுமாரியைத் திறந்துவிட்ட கதைதான் அது.

அந்த அலுமாரி 97,000 புத்தகங்களாக வளர்ந்திருந்தபோது, 1981 மே 31 இரவு கொளுத்தினார்கள்.

பெட்டிக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டவேண்டாம் என்று அறிவிப்பு எழுதுவதா என்று நிர்வாக சபையில் ஒருவர் கேட்டார். தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும், பின்னேரம் கூட்டிய சருகைக் கொளுத்த முன், குவியலைத் தும்புத்தடியால் இழுத்து இழுத்து மறுகரைக்குக் கொண்டுபோகிறார்கள். நான் யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை.

எந்தத் தட்டில் எந்த வயது

பிரிட்ஜில் இதற்கு வசதி உண்டு.

கீழே மரக்கறி வைக்கும் இழுப்பறை சின்னப் பிள்ளைகளுக்கு. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட வாசகர் புத்தகத்தின் மூலையிலிருந்து தொடங்கி உள்நோக்கித் தின்றுகொண்டு போவார், ஆகவே தடித்த மட்டையாகப் பார்த்து வையுங்கள். விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய பிள்ளைக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டுகள். ஆடிப்பிறப்புக் கூழையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடிய மனிதர் அவர். பிள்ளை பாட்டைப் பிடிக்கும், பிறகு கூழ் கேட்கும். ஆடி மாதமாக இல்லாவிட்டால் அது உங்கள் பாடு. பெரியவர்கள் சிலர் பக்தியோடு நாவலரின் பாலபாடத்தைக் கொண்டுவந்து இந்த இழுப்பறையில் வைப்பார்கள். முதலாம் பாலபாடம் வைக்கலாம். நான்காம் பாலபாடத்தை மேலே தூக்கிவிடுங்கள். கள்ளுண்ணல், களவு என்று வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, "ரீச்சர், வியபிசாரம் எண்டால் என்ன?" என்று ஏழு வயதுப் பெட்டை கேட்டாள். தாய் பக்கத்தில் நின்றா. ஒருவகை வியாபாரம் என்று சொல்லித் தப்பினேன்.

எட்டு முதல் பத்து வயது வரை பிள்ளைகள் கிடையாது. புலமைப்பரிசில் பரீட்சார்த்திகள்தான் உண்டு. இந்த வயதினருக்காகப் பெற்றோர் கொண்டுவந்து வைப்பது மாதிரி வினாத்தாள், எடுத்துச் செல்வதும் மாதிரி வினாத்தாள். விடை எழுதாத பக்கத்தைக் கிழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி வைப்பார்கள். நான் ஒரு தந்திரம் செய்தேன். பழைய அம்புலிமாமாக்கள் சிலவற்றுக்கு 'தரம் 5 வழிகாட்டி' என்று மட்டை போட்டு ஒட்டினேன். மூன்று நாளில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு தகப்பன் மட்டும் வந்து, "ரீச்சர், உதிலை வேதாளம் கேக்கிற கேள்வியளுக்கு விடைப்பத்திரம் கிடக்கோ?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். வேதாளத்தின் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்பதுவரை பிள்ளை ஒழுங்காகப் படித்திருந்தது.

பன்னிரண்டு தாண்டியவர்களுக்கு நடுத்தட்டு. முத்து காமிக்ஸ் 1972 இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்தக் காலத்து இதழ் ஏதும் உங்களிடம் இருந்தால் தயவுசெய்து பெட்டியில் வைக்கவேண்டாம். பிள்ளைகள் தொடமாட்டார்கள், ஐம்பத்தைந்து வயது ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி, கைநடுங்க எடுத்துக்கொண்டு, திரும்பியே பாராமல் போய்விடுவார். பிள்ளைகளுக்குச் செங்கை ஆழியானைக் கொடுங்கள். 'ஆச்சி பயணம் போகிறாள்' 1969 இல் வந்தது. இன்றைக்கும் ரியூசன் முடிந்து வரும் பொடியன் ஒழுங்கை மதிலில் சைக்கிளைச் சாய்த்தபடி வாசித்துச் சிரிக்கிறான், என் கண்ணால் பார்த்தேன். 'வாடைக்காற்று' அதற்கடுத்த படி. 1970களில் தமிழகச் சஞ்சிகைகளின் வரவுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, வீரகேசரிப் பிரசுரமாக மலிவு விலையில் உள்ளூர் நாவல்கள் வரிசையாக வந்தன. அந்த வரிசையில் வந்தது அது. வயிற்றெரிச்சலோடு வரவேற்ற கட்டுப்பாடு எங்களுக்கு ஒரு நாவல் தலைமுறையைக் கொடுத்துவிட்டுப் போனது.

உயர்தரம் எடுக்கும் பிள்ளைகளுக்கு எதையும் சிபாரிசு செய்யவேண்டாம். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பதைத் தாய் கண்டால் உங்களுக்குத்தான் ஏச்சு. இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை ஐ.ஈ.எல்.டி.எஸ். வழிகாட்டியும் ஜெர்மன் மொழிக் கையேடும். இவை இரண்டும் எங்கள் பெட்டியில் மிக ஒழுங்காகத் திரும்பிவரும் புத்தகங்கள். எடுத்தவர் பறந்துபோன பிறகு தாய் கொண்டுவந்து வைப்பா, அடுத்த வீட்டுத் தாய் எடுத்துப்போவா.

நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்கள் தங்களுக்கு வாசிக்க நேரமில்லை என்பார்கள். இவர்களுக்கு மஹாகவியின் குறும்பாக்கள் சரி. 1966 இல் வந்த தொகுப்பு. ஐந்து வரியில் ஒரு ஆளை ஆள் தெரியாமல் அடித்துவிட்டுப் போகும் வித்தை. தேநீர் ஆற முன் இரண்டு வாசிக்கலாம். சிவஞானசுந்தரத்தின் சிரித்திரன் பழைய இதழ் அகப்பட்டால் இன்னும் விசேஷம். அந்தக் கேலிச்சித்திரத்தில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரன் என்று ஒவ்வொருவரும் நம்புவதுதான் அதன் வெற்றி.

இனி ஒரு சங்கடமான விஷயம். கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வந்தது. அதை நான் நடுத்தட்டில், கண்ணுக்கு நேரே வைத்தேன். ஒரு கிழமை அப்படியே இருந்தது. பிறகு யாரோ அதைத் தூக்கிப் பின்பக்கம், கரிப்பொட்டலத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்தார்கள். நான் முன்னுக்கு எடுத்தேன். திரும்பவும் பின்னுக்குப் போனது. இப்படி ஆறு ஏழு தடவை, ஆளை ஆள் காணாமல், நாங்கள் இருவரும் சதுரங்கம் ஆடினோம். எங்கள் ஒழுங்கைக்கு அப்பால் வெட்டைக்கரையில் உள்ள வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து புத்தகம் எடுக்கத் தொடங்கியபோதுதான், நிர்வாக சபையின் போசகர் ஒருவர் "ஆர் ஆர் தொட்ட புத்தகமோ, கொரோனாவுக்குப் பிறகு கவனமாயிருக்கவேணும்" என்று சுகாதாரம் பேசினார். கொரோனா போய்ப் பலகாலம். போசகருடைய சுகாதாரத்துக்கு அதைவிட வயது கூட. நான் பதில் பேசவில்லை. டொமினிக் ஜீவா சலூன் நடத்திக்கொண்டே 1966 இல் மல்லிகையைத் தொடங்கியவர். இதழைக் கையில் கொண்டு வீதி வீதியாக விற்றவர். சாகித்திய மண்டலப் பரிசு வாங்கிய எழுத்தாளர். போசகர் மயிர்வெட்டப் போய்க் காத்திருக்கும்போது எந்தக் கையால் தொட்ட பேப்பரை வாசிக்கிறார் என்று மட்டும் கேட்டேன். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. 'பஞ்சமர்' ஒருநாள் பெட்டியிலிருந்து போய்விட்டது. எடுத்தது யார் என்று கொப்பியில் இல்லை. வாசிக்கத்தான் எடுத்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டு இன்னொரு பிரதி தேடுகிறேன்.

மேல்தட்டு, முன்பு ஐஸ் கட்டிய இடம், முதியவர்களுக்கு. அவர்கள் குனியத் தேவையில்லை. பஞ்சாங்கம் கட்டாயம் வேண்டும், அதுவும் வாக்கிய பஞ்சாங்கம். திருக்கணிதத்தைத் தவறுதலாக வைத்துவிட்டால் ஒழுங்கை இரண்டுபட்டு இரண்டு நாள் விரதம் பிடிக்கும். கந்தபுராணம் வைக்கலாம், ஆனால் எடுத்துப்போக மாட்டார்கள். அது தனியாக வாசிக்கும் புத்தகமல்ல. கோயிலில் ஒருவர் பாட்டை இழுத்துப் படிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, ஊர் முழுக்க ஒரே பிரதியில் கேட்டு முடித்த புத்தகம். விஸ்கொன்சின்காரர் பெட்டி கண்டுபிடிக்க முன் நாங்கள் குரலில் இரவல் கொடுத்தோம்.

தானாக வந்து சேருபவை

எடுக்கிற புத்தகத்துக்குப் பதிலாக ஒன்று வைப்பது அந்தப் பெட்டிகளின் வழக்கம். இதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. வேலியில் பொட்டு இருந்த காலத்தில் ஆச்சி கொழுக்கட்டை கொடுத்தனுப்பிய சட்டி வெறுஞ்சட்டியாகத் திரும்பி வந்ததில்லை, அடியில் நாலு முருங்கைக்காயாவது கிடக்கும். அதே பொட்டு வழியாகத்தான் கல்கியும் கலைமகளும் போய் வந்தன. தொடர்கதைப் பக்கங்களைக் கழற்றி, ஊசிநூலால் தைத்து, மாப்பசை பூசிக் கட்டிய புத்தகங்கள். அம்மா அவற்றைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு குனிந்து பொட்டுக்குள்ளால் கொடுப்பா, அப்புவின் பெண்சாதி அங்கால் நின்று வாங்குவா. இப்போது வேலி போய் ஆறடி மதில். மதிலில் பொட்டு வைக்கமுடியாது, சீமெந்து வெடிக்குமாம்.

ஆகவே ஒன்று எடுத்தால் ஒன்று வைப்பார்கள். என்ன வைப்பார்கள் என்பதுதான் கேள்வி. ரியூசன் குறிப்பு. 2011 ஆம் ஆண்டு நாட்காட்டி, படம் வடிவாக இருக்கிறதாம். கடவுளின் கோபம் பற்றிய துண்டுப்பிரசுரம். ஊரில் கவிதைப் புத்தகம் வெளியிட்டவர்கள் உங்கள் பெட்டியைப் பற்றி அறிந்தால் மிகுந்த சந்தோசப்படுவார்கள், வெளியீட்டு விழாவுக்குப் பிறகு கட்டிலுக்குக் கீழே இருக்கும் கட்டுகளை அவர்களுடைய வீட்டுக்காரி உங்கள் படலைக்கு அனுப்பிவைப்பா. ஒரே தொகுப்பில் இருபத்திரண்டு பிரதிகள் ஒருநாள் காலை இருந்தன. ஒரு கவிஞருக்கு ஒரு பிரதி என்று விதி போடுங்கள். கவிஞர் கோபிப்பார், வீட்டுக்காரி இன்னும் கூடக் கோபிப்பா.

எல்லாவற்றிலும் கூட வருவது கல்வெட்டு. வெளியூர் வாசகருக்குச் சொல்லவேண்டும்: எங்களுக்குக் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டியதல்ல. ஒருவர் காலமாகி முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலர். முகப்பில் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் மருமக்கள் பேரப்பிள்ளைகள் பெயர்கள், கடைசி மட்டையில் வம்சாவளி. சிலர் உள்ளே கைமருந்தும் சமையற் குறிப்பும் சேர்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் காசு வாங்காமல் புத்தகம் கொடுக்கும் ஒரே வைபவம் இதுதான். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இவற்றையும் பக்கம் பக்கமாகச் சேமித்து வருகிறார்கள். சரியான வேலை. ஒரு ஊரின் சரித்திரத்தை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காணமுடியாது, கொஞ்சம் புகழ்ச்சியைக் கழித்துக்கொண்டால்.

நான் முதலில் கல்வெட்டுகளை எடுத்து ஒதுக்கினேன். அப்புதான் மறித்தார். பெட்டி திறந்த நாளிலிருந்து அவர் நாவலைத் தொட்டதில்லை. பேப்பரில் மரண அறிவித்தலை முடித்துவிட்டு, பிரிட்ஜைத் திறந்து, மேல்தட்டில் ஒரு கல்வெட்டை எடுத்துக்கொண்டு வாங்கில் இருப்பார். பொன்னியின் செல்வன் வாசிப்பவர் முகத்தில்கூட நான் அப்படி ஒரு ஈடுபாட்டைக் கண்டதில்லை.

கொப்பியும் பென்சிலும்

வெண்ணெய் வைக்கும் தட்டில் ஒரு சீ.ஆர். கொப்பி வையுங்கள். முட்டைத் தட்டில் ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் கட்டாவிட்டால் பென்சில் தரம் 5 பரீட்சைக்குப் போய்விடும். கொப்பியில் பெயர், புத்தகம், எடுத்த திகதி, திருப்பிய திகதி என்று நாலு நிரல் அடித்துவிடுங்கள். நாலாவது நிரல் எப்போதும் துப்பரவாக இருக்கும்.

பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் சேர்த்து வைக்கும் ஆசை ஒவ்வொருவருக்கும் வரும். மூன்றாம் பாகம் போய்விடும். எப்போதும் மூன்றாம் பாகம்தான். இரண்டாம் பாகம் முடித்தவருக்கு அடுத்தது அவசரம், நாலாம் பாகம் எடுக்கும்போது மூன்றைத் திருப்பிவைக்க மறதி. இன்னொரு செட்டிலிருந்து மூன்றாம் பாகம் மட்டும் வாங்கி வைத்தேன், அதுவும் போனது. எங்கள் ஒழுங்கையில் எங்கோ ஒரு வீட்டில் மூன்றாம் பாகங்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன என்று எண்ணுகிறேன். ஆளைப் பிடிக்கும் முயற்சியில் இறங்கவேண்டாம். நான் இறங்கி, கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஐந்து வீட்டில் தேத்தண்ணி குடித்தேன், மூன்று கலியாணப் பேச்சு கேட்டேன், ஆறாவது வீட்டில் என் சொந்த அலுமாரியிலிருந்து 1988 இல் இரவல் போன ஒரு புத்தகத்தைக் கண்டேன். அதைக் கேட்கவும் வாய் வரவில்லை, அவர்கள் அதற்கு அவ்வளவு அழகாக மட்டை போட்டிருந்தார்கள்.

பென்சில் நூலை நீளமாகக் கட்டுங்கள். இது அப்பு சொல்லி நான் செய்தது. வாங்கு வரைக்கும் எட்டவேண்டுமாம். ஏன் என்று சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. கல்வெட்டுகளில் அவர் பிழை திருத்திக்கொண்டிருந்தார். 'மூத்த புதல்வன்' என்ற இடத்தில் மெல்லிய எழுத்தில் 'இரண்டாவது, மூத்தது தவறிவிட்டது'. 'கொடைவள்ளல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். வம்சாவளியில் விட்டுப்போன ஒரு பெண்ணின் பெயரை, கோடிழுத்து, சரியான இடத்தில் சேர்த்திருந்தார். அவள் வீட்டை விட்டுப் போய்க் கலியாணம் செய்தவள் என்று எனக்கும் தெரியும். சபையில் இதை முறைப்பாடாகக் கொண்டுவந்தார்கள். புத்தகத்தில் கிறுக்கக்கூடாது என்று நானே நாற்பது வருடம் படிப்பித்தவள். ஆனால் கல்வெட்டுகளை மட்டும் அந்த விதியிலிருந்து விலக்கிவிட்டோம்.

போன தையில் அப்பு காலமானார். முப்பத்தோராம் நாள் முடிந்து, மகள் கொழும்புக்குப் போக முதல் ஐந்து கல்வெட்டுகளைக் கொண்டுவந்து, "அப்பா இருந்த தட்டிலையே வையுங்கோ ரீச்சர்" என்று தந்தாள். மேல்தட்டில் வைத்தேன். இரண்டு நாளில் ஒன்று குறைந்திருந்தது. கொப்பியில் பதிவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு ஐந்தும் இருந்தன. மேலே இருந்ததை எடுத்துப் புரட்டினேன். வம்சாவளிப் பக்கத்தில், இரண்டாவது மருமகனின் ஊர் மானிப்பாய் என்று அச்சாகியிருந்ததை யாரோ பென்சிலால் வெட்டி, சண்டிலிப்பாய் என்று எழுதியிருந்தார்கள்.